சோம்பல் என்ற பாவம்

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்தும் உப்பு வாரியும் காலம் கழித்தவர் என் சின்னம்மா. 2004 டிசம்பர் 26, ஞாயிறு; கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அவர் மகன் அன்று காலை கடற்கரையில் இருந்தான். அடக்கம் முடிந்தது, முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. அளத்தில் வேலை தொடங்கியபோது சின்னம்மா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. "எல்லா வூட்லயுந்தான் சாவு வுழுந்துது. இவளுக்கு மட்டும் என்னாவாம்? சோம்பேறித்தனம்" என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். கூட்டிப்போன ஜெபக்கூட்டத்தில் விசுவாசக் குறைவு என்றார்கள். நான் அப்போது ஃப்ராய்டைப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிட்டேன். அந்தப் பழிச்சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனிதனைப் பீடிக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். அதில் துக்கம் ஒன்று, 'அக்கேதியா' வேறொன்று. அக்கேதியா நடுப்பகலில் வரும் பேய். சூரியன் நகராமல் நிற்பதுபோலத் தோன்றும், இருக்கிற இடம் கசந்துபோகும், செய்கிற வேலை வெறுத்துப்போகும். இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் எழுதும் குறிப்பிலிருந்து இது அதிகத் தூரமில்லை. எவாக்ரியஸுக்கு அது முதலில் ஒரு தாக்குதல், எதிர்த்து நிற்கவேண்டிய ஒன்று. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் போப் கிரகோரி பட்டியலை ஏழாகச் சுருக்கியபோது அக்கேதியா துக்கத்துக்குள் கரைந்தது. மத்திய காலத்தில் அது மறுபடி தலைகாட்டிய பிறகு, கடமையைச் செய்யாத மந்தம் என்று பொருள் குறுகிக்கொண்டே வந்தது. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று ஒப்பித்தோமே, அதில் வரும் 'சோம்பல்' இதுதான். சோம்பலைப் பழிக்கத் தமிழனுக்குத் திருச்சபை சொல்லித்தர வேண்டியதில்லை, குறளிலேயே மடியின்மை இருக்கிறது. ஆனால் படுத்துக்கிடப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய ஒன்றாக ஆக்கியது இந்தப் பட்டியல்.

வேதாகமம் இப்படிப் பேசவில்லை என்பதுதான் வேடிக்கை. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான்.

1917இல் வெளிவந்த கட்டுரையில் ஃப்ராய்ட் துக்கத்தையும் மெலங்கோலியாவையும் பிரித்தார். துக்கம் நோயல்ல, அதில் தலையிடுவதே கெடுதல் என்பது அவர் கருத்து. மெலங்கோலியாவின் அடையாளம் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்வது. இங்கேதான் நான் சின்னம்மாவைச் சரியாகக் கேட்காமல் போனேன். பாயில் கிடந்தபடி அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: "நாந்தான் அவன மீன் வாங்கியான்னு அனுப்பிச்சேன்." தன்மேல் தானே தீர்ப்பெழுதிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய், உன் விசுவாசம் குறைவு, நீ சோம்பேறி என்பது, நோய் சொல்வதையே பிரசங்க மேடையும் வழிமொழிவதாகும். எனக்கோ அதைத் துக்கம் என்று விட்டுவிடுவதில் படித்தவனின் சௌகரியம் இருந்தது.

மருத்துவமும் இந்தக் கோட்டை அழித்து அழித்துத்தான் போட்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980 பதிப்பில் இழவுத் துக்கத்துக்கு விலக்குக் கொடுத்தது. 2013இல் அந்த விலக்கை எடுத்துவிட்டது. இரண்டு வார அறிகுறிகள் இருந்தால் நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவளையும் நோயாளி எனலாம் என்றாயிற்று. 2022இல் 'நீடித்த துக்கம்' தனி நோயாகச் சேர்ந்தது, பெரியவர்களுக்கு ஒரு வருஷக் கெடுவோடு.

திருச்சபையிடம் இன்னொரு இழையும் இருந்தது. கோவாவில் பிறந்து, டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் இலங்கைக்கு வந்த யாகோமே கொன்சால்வஸ் (1676–1742) தமிழில் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். ஈழத்துக் கத்தோலிக்கர் அதைத் தவக்காலத்தில் ராகம்போட்டு வாசிப்பார்கள். அழுகையே அங்கே வழிபாடு.

2005 மார்ச் 25 பெரிய வெள்ளி. சின்னம்மாவைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப்போனோம். மடியில் மகனைக் கிடத்தியிருந்த வியாகுல மாதா சுரூபத்தைப் பார்த்துவிட்டு அவர் போட்ட கூப்பாட்டில் கோயில் அடங்கிப்போனது. யாரும் தடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் மருத்துவரிடம் போக ஒத்துக்கொண்டார். மாத்திரை தின்ன ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து ஒருநாள் விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல், அளத்துக்கு நடந்து போயிருந்தார்.