பதக்கமும் மதிலும்

பேர்ளின் மதில் எழும்பினதுக்கு டொக்டர்மாரும் ஒரு காரணம் எண்டது எங்கட ஆக்களிலை எத்தினை பேருக்குத் தெரியும்?

1949இல் கிழக்கு யேர்மனி உருவான காலத்திலிருந்து ஆயிரக்கணக்கான வைத்தியர்கள் மேற்குக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பேர்ளினில் ரெயின் ஏறினால் கொஞ்ச நேரத்திலை மேற்கு. காசு மட்டும் காரணமில்லை. வாயைத் திறக்கேலாது, டொக்டரின்ரை பிள்ளை எண்டால் பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது கஷ்டம். மறிக்கிறதுக்கு அரசு பட்டங்களும் பதக்கங்களும் குடுத்தது. ஹூஃபெலாண்ட் பதக்கம் 1958இல் வந்தது. றொபேட் கொக் பிறந்த டிசம்பர் 11ஐ சுகாதாரப் பணியாளர் நாளாக்கினார்கள். அதே 1958 செப்டெம்பரில் ஆளும்கட்சி இன்னும் கீழை இறங்கி வந்தது. பிள்ளைகளுக்குப் படிக்க இடம், மேற்கிலை நடக்கிற மருத்துவ மாநாடுகளுக்குப் போக அனுமதி எண்டு வாக்குறுதி. சம்பளத்தைவிடப் பெரிய விசயங்கள்தான். ஆனால் குடுத்தவனை நம்பவேணுமே! போறவை நிக்கேல்லை. 1961 ஆகஸ்ட் 13, கம்பிவேலி போட்டார்கள்.

அதே நாட்டிலை பதக்கத்தாலை இல்லாமல் சனத்தாலை கொண்டாடப்பட்டவை கிராமத்து நேர்ஸ்மார். 1975இல் வந்த 'ஸ்வெஸ்ரர் அக்னெஸ்' ரிவி படத்திலை ஷ்வால்ப மோட்டார்சைக்கிளிலை ஊரூராய்த் திரிவாவே, அவதான். நாடுகள் இணைஞ்ச பிறகு அந்த வேலையே இல்லாமல் போச்சு. வயசான கிராமங்களுக்கு டொக்டர் கிடைக்காமல் 2005இல் மெக்லன்பூர்க் பக்கம் அதே அக்னெஸ் எண்ட பேரிலை திரும்பத் தொடங்கினார்கள்.

அந்தப் படத்தைப் பாக்கேக்கை எனக்கு எங்கட மிட்வைவ் மிஸிதான் ஞாபகம் வந்தா. பெற்றோல் தடை இருந்த காலத்திலையும் சைக்கிளிலை வருவா. இலங்கையிலை 1926இல் களுத்துறையிலை தொடங்கின சுகாதாரப் பிரிவின் வழி வந்த ஏற்பாடு அது. எந்த வீட்டிலையும் மிஸிக்குத்தான் முதல் கதிரை, முதல் தேத்தண்ணி. ஆனால் ஒண்டை மறக்கக்கூடாது. மிஸிக்கு அரச சம்பளமும் பென்சனும் இருந்தது. கதிரை அதுக்கு மேலைதான்.

இந்தியாவின் ஆஷா பெண்களைப் பாருங்கோ. பத்து லட்சம் பேர், கணக்கிலை 'தொண்டர்கள்'. 2022 மேயில் உலக சுகாதார நிறுவனம் விருது குடுத்தது. உலகமே கைதட்டிச்சு. 2025 பெப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னாலை குந்தினார்கள். கேட்டது விருதில்லை. மாதம் 7,000 ரூபாவை 21,000 ஆக்கு, ஓய்வு பெறேக்கை 5 லட்சம் தா எண்டுதான்.