நாலு சுவரும் ஒரு சவுண்ட்பாரும்

போன மாசம் ரெண்டு பேர் போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், ஹால் ரொம்பச் சின்னது. டிவிக்குக் கீழே ஒரு சவுண்ட்பார் வச்சா தியேட்டர் மாதிரி சுத்திச் சத்தம் வருமாமே, வாங்கலாமா?" ஒருத்தர் ஹெப்பாலில் இருக்கிறார், இன்னொருத்தர் ஷார்ஜாவில். பேங்க்காரனிடம் லோன் பற்றிக் கேட்காமல் ஸ்பீக்கர் பற்றிக் கேட்கிறார்களே என்று தங்கமணிக்கு ஒரே சிரிப்பு.

தெரியும், வராது என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். வரலாறு என்றதும் ஓடிவிடாதீர்கள், நான் பி.காம் தான்.

முதலில் ஒன்று. சினிமாவின் சுற்றொலி பெரிய கொட்டகைக்காகப் பிறந்தது. 1940-இல் டிஸ்னி 'ஃபேன்டேசியா' படத்துக்காக ஃபேன்டசவுண்ட் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். சாமான் அதிகம், செலவு அதிகம். விரல் விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களோடு நின்றுபோனது. நம் பக்கம் 1986-இல் ரஜினியின் 'மாவீரன்' 70 எம்எம்மில் ஆறு டிராக் ஸ்டீரியோவோடு வந்தது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ, 1996-இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ், 2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸ். இங்கே பெங்களூரில் 1968-இல் சினிராமா திரையோடு திறந்த கபாலி தியேட்டரில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அதை 2017-இல் மூடி இடித்தும் விட்டார்கள். அந்த மாதிரி கூடத்தில் பக்கச் சுவர் எங்கேயோ இருக்கும். ஸ்ரீராம்புரத்தில் நான் இருக்கும் வாடகை வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. கை நீட்டினால் சுவர்.

வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி எழுபதுகளிலேயே நடந்தது. குவாட்ரஃபோனிக் என்று நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கர். எஸ்க்யூ, க்யூஎஸ், சிடி-4 என்று ஆளுக்கொரு முறை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஜனங்கள் எதையும் வாங்கவில்லை. வீட்டில் நாலு பெட்டி வைக்க எந்த இல்லத்தரசி சம்மதிப்பார் என்பது என் துணைக் கேள்வி. அப்புறம் ஹோம் தியேட்டர் செட்டுகள் வந்தன, ஒயர் ஒயராக.

சரி, சவுண்ட்பார் ஏன் இவ்வளவு விற்றது? என் கணக்கு இதுதான். பழைய பொட்டி டிவிக்கு முதுகு பெருசு, ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது, பல செட்டுகளில் அது நம்மைப் பார்த்தபடி இருந்தது. டிவி தட்டையானதும் ஸ்பீக்கரை ஒல்லியாக்கிக் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ திருப்பிவிட்டார்கள். வசனம் எல்லாம் சுவரோடும் ஸ்டாண்டோடும் பேசுகிறது. ஆக, டிவியிலிருந்து எடுத்ததையே தனிப் பெட்டியாகத் திரும்ப விற்கிறார்கள். வியாபாரம் என்றால் இது வியாபாரம் :-)

நிற்க. 'சுத்திச் சத்தம்' என்ற வாக்குறுதிக்கு வருவோம். முன்னால் இருக்கும் ஒரே பெட்டி பின்னாலிருந்து சத்தம் வருவதாக நம்மை நம்பவைக்க முக்கியமாக ரெண்டு வித்தைகள் உண்டு.

முதல் வித்தையின் மூலவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். பிஷ்ணு அடல். கான்பூரில் பிறந்தவர். 1955-இல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் படித்து முடித்து, பிறகு சில வருடம் அங்கேயே விரிவுரையாளராக இருந்தார். எங்கள் ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரம் தாண்டினால் அந்த வளாகம் தான். 1961-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் போனார். அங்கே மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானியரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். இடது ஸ்பீக்கரின் சத்தம் இடது காதுக்கு மட்டும் போவதில்லை, வலது காதுக்கும் போய்விடுகிறது. அந்த ஒழுகலை அடைக்க, அதே சத்தத்தைத் தலைகீழாக்கி, இம்மி தாமதித்து, வலது ஸ்பீக்கரிலிருந்து அனுப்பு. ரெண்டும் மோதி ரத்தாகும். எங்கள் பாஷையில் ரிவர்சல் என்ட்ரி! இப்படிச் செய்துவிட்டால் ஹெட்போன் மாட்டியது போல ஒவ்வொரு காதுக்கும் அதற்குரியது மட்டும் போகும். அப்புறம் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதாகக்கூடக் காதை ஏமாற்றலாம். 1966-இல் இதற்கு அவர்கள் பெயரில் காப்புரிமையும் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல். இது சுத்தமாக வேலை செய்ய எதிரொலியே இல்லாத அறை வேண்டும், தலையை ஆட்டாத ஒரே ஆள் வேண்டும். அவர்கள் செய்தது ஆராய்ச்சிக்கூடத்தில். சில அங்குலம் நகர்ந்தால் என்ட்ரி டேலி ஆகாது. நம் வீட்டில் சீரியல் பார்க்கும்போது தலையை ஆட்டாதவர் யார்?

ரெண்டாவது வித்தை நேர் எதிர். அதற்குச் சுவர் வேண்டும். 2004-இல் யமஹா கொண்டுவந்த ஒய்எஸ்பி-1 என்ற பெட்டியில் வரிசையாக 40 குட்டி ஸ்பீக்கர்கள், கூட ரெண்டு பெரிய ஸ்பீக்கர்கள். நாற்பது பேர் வரிசையில் நின்று கைதட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் தட்டினால் சத்தம் நேரே வரும். இடது ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொருவராகத் துளித்துளி தாமதித்துத் தட்டினால் மொத்தச் சத்தமும் வலப்பக்கம் சாயும். அப்படிச் சாய்த்த ஒலியைப் பக்கச் சுவரில் அடித்து, பின்சுவரில் அடித்து, நம் காதுக்குக் கொண்டுவருவது. கேரம் போர்டில் கட்டையில் அடித்துக் காயைப் போடுவது போல. இப்போது வரும் அட்மாஸ் சவுண்ட்பார் பலவற்றில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் கூரையில் அடிப்பதும் இதே ஜாதி.

இப்போது எங்கள் ஹாலைப் பாருங்கள். இடது சுவரில் இரும்பு பீரோ. வலது பக்கம் சுவரே இல்லை, சமையலறைக்குப் போகும் வழி, அதற்கு ஒரு திரைச்சீலை. பின்னால் ஜன்னல், ஜன்னலை ஒட்டி திவான். கேரம் போர்டுக்கு ஒரு பக்கக் கட்டையே இல்லாதபோது காய் எங்கே திரும்பும்? கீழ்வீட்டுத் தம்பி தன் சவுண்ட்பாரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தான். திவானின் நடுவில் நான் உட்கார்ந்தால் ஹெலிகாப்டர் கொஞ்சம் தோளைச் சுற்றியது. ஓரத்து நாற்காலியில் அம்மா உட்காரும் இடத்தில் ஒன்றுமில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார், வயது 74. தெருவில் தமிழ் பேசுபவர்கள் நிறைய உண்டு, ஆனால் முழங்கால் வலி, படி இறங்க முடியாது. பகல் முழுக்கத் துணை டிவி தான். ஒவ்வொரு வசனத்துக்கும் "அவன் என்னல சொல்லுதான்?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். படம் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு உறுத்தியது அதுதான், ஹெலிகாப்டர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரவுண்ட் மோடில் வசனம் இன்னும் கரைந்து போனது. அதை அணைத்து, குரலைத் தூக்கிக் காட்டும் மோடைப் போட்டேன். அரை மணி நேரம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், "இந்தப் பய பொய் சொல்லுதான்" என்றார், ஹீரோவைப் பார்த்து.

ஆகவே நான் வாங்கியது நடுவில் வசனத்துக்கென்றே தனி ஸ்பீக்கர் உள்ள ஒரு சாதாரண 3.1. பின்னால் வைக்கும் ஒரு ஜோடி குட்டி ஸ்பீக்கரை பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி உள்ள மாடல். சுற்றொலி வேண்டுமென்றால் சின்ன அறைக்கு அதுதான் நேர்வழி. சுவரை நம்ப வேண்டாம், நிஜமாகவே பின்னால் வைத்துவிடலாம். ரெண்டு பிளக் பாயிண்ட் இருந்தால் போதும்.

சப்வூஃபரை மட்டும் மூலையில் வைக்காதீர்கள். பன்னிரண்டடி நீள அறை சுமார் 47 ஹெர்ட்ஸ் சத்தத்தைத் தானே பெருக்கும், மூலையில் அது இன்னும் கூடும். ஒட்டுச் சுவர் வீடுகளில் அந்த 'தும் தும்' தான் பக்கத்து வீட்டுக்குப் போகும், வசனம் போகாது. இரவில் அதைக் குறைத்துவிடுகிறேன். வாங்கும்போது டிவியிலும் பெட்டியிலும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கிறதா என்று பாருங்கள், 2009-க்குப் பிறகு வந்த வசதி அது. ஒரே ரிமோட்டில் சத்தம் கூட்டலாம், வயசானவர்களுக்கு ரெண்டு ரிமோட் தொல்லை இல்லை.

கடையில் நடு நாற்காலியில் உட்காரவைத்து மழையும் இடியும் போட்டுக் காட்டுவார்கள். நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, ரெண்டு பேர் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள்.

கொசுறு: அந்த பிஷ்ணு அடலும் ஷ்ரோடரும் 1985-இல் மனிதக் குரலை மிகக் குறைந்த தகவலில் அனுப்பும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். செல்போன்களில் குரலைச் சுருக்கும் பல முறைகள் அதன் வழி வந்தவை. ஊரிலிருந்து அக்கா ராத்திரி எட்டு மணிக்குப் பேசும்போது அம்மா போனை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அப்போது டிவியை நிறுத்த வேண்டும், அது தனிச் சண்டை.