பெருங்குடற் புற்றுநோயும் அகநோக்கியும் – ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ உண்மைகள் சில, அவற்றைச் செயற்படுத்தும் கருவி தோன்றும்வரை நெடுங்காலம் காத்திருந்துள்ளன. பெருங்குடற் புற்றுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1928ஆம் ஆண்டில் இலண்டன் புனித மாற்கு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் லொக்ஹார்ட்-மம்மரியும் நோயியலாளர் கத்பேட் டியூக்சும் முக்கியமானதொரு கருத்தை வெளியிட்டனர். குடலின் உட்சுவரில் தோன்றும் பொலிப்பு எனப்படும் சிறு வளர்ச்சிகளிற் சில, காலப்போக்கிற் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதே அது. அவ்வாறாயின், அவ்வளர்ச்சிகளை முன்னரே அகற்றி நோயைத் தடுக்கலாம் அன்றோ? ஆயினும், அன்றைய வைத்தியர் கையாண்ட வளையாத குழாய்க்கருவி ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் தூரத்தையே எட்டியது. ஒன்றரை மீற்றர் அளவு நீளமுள்ள பெருங்குடலின் எஞ்சிய பகுதி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் நிழலாகவே தெரிந்தது. அங்குள்ள பொலிப்பை அகற்ற வயிற்றைக் கீறவேண்டியிருந்தது.

இத்தடையை நீக்கும் வழியைப் பௌதிகவியல் காட்டிற்று. மெல்லிய கண்ணாடி நார்க்கற்றை வளைந்திருப்பினும், முழுவுட்டெறிப்பினால் அதனூடாக விம்பத்தைக் கொண்டுசெல்லலாம் என 1954இல் ஹரோல்ட் ஹொப்கின்சும் நரீந்தர் சிங் கபானியும் நிறுவினர். 1957இல் பசில் ஹேர்ஷோவிற்ஸ் இம்முறையில் அமைந்த இரைப்பை அகநோக்கியை அறிமுகஞ் செய்தார். வளைவுகள் மிக்க பெருங்குடலுக்கு ஏற்ற கருவி உருவாக மேலும் பத்தாண்டுகள் வரை சென்றன.

1969இல் நியூயோர்க் பெத் இஸ்ரேல் வைத்தியசாலையில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் அகநோக்கியின் வழியே கம்பிக் கண்ணியொன்றைச் செலுத்தினர். பொலிப்பின் அடியை அதனால் இறுக்கி, மின்வெப்பத்தால் அறுத்தகற்றினர். குடல் துளைபடுதல், குருதிப்பெருக்கு ஆகிய ஆபத்துக்கள் இம்முறைக்கும் உண்டு. எனினும், வயிற்றைக் கீறாமலே, கண்ட இடத்திற் கண்டபொழுதே சிகிச்சையளித்தல் இதனாற் கைகூடியது. 1973இல் அவர்கள் தம் அனுபவத்தை வெளியிட்டனர்.

இம்முறை புற்றுநோயை உண்மையிலே தடுக்கின்றதா என்பதற்குச் சான்று மெல்லவே சேர்ந்தது. பொலிப்பு அகற்றப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து அவதானித்த அமெரிக்க ஆய்வு, எதிர்பார்க்கப்பட்டதிலும் 76 முதல் 90 வீதம் குறைவாகவே புற்றுநோய் தோன்றியதென 1993இற் கூறியது. ஆயின், அவ்வொப்பீடு பிற மக்கட் குழுக்களின் தரவுகளோடு செய்யப்பட்டதாகும். 2022இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, மக்களைக் குலுக்கல் முறையிற் பிரித்து ஒப்பிட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே, பத்தாண்டுக் காலத்திற் புற்றுநோய் 18 வீதமே குறைந்தது. இறப்புக் குறைந்ததென உறுதிப்படுத்த இயலவில்லை. அழைக்கப்பட்டோருள் 42 வீதத்தினரே பரிசோதனைக்கு வந்தனர் என்பதும் இங்கு நோக்கற்பாலது.

1928இல் முன்வைக்கப்பட்ட கருத்து நாற்பதாண்டுகள் கருவிக்காகக் காத்திருந்தது. இன்று கருவி உண்டு. அதனை நாடிவரும் மக்களுக்காக அது காத்திருக்கின்றது.