மோட்டார் ரூம் கரண்ட்

போன பொங்கலுக்கு வேடசந்தூர் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் பேட்டரி காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தவர், "ஒருக்கா சார்ஜ் ஏத்த எவ்வளவுடா ஆகும்?"னார்.

பொட்டி தட்டுறவன் ஆச்சே, கணக்கு போட்டேன். 30 யூனிட் பேட்டரி நிரம்ப, வீணாவதையும் சேர்த்து 34 யூனிட். 2024 ஜூலை வீட்டுக் கட்டணப்படி 401-500 வரை யூனிட் 6.45 ரூபாய், 501-600 வரை 8.55. ஆக 220லிருந்து 290 ரூபாய்.

"கிணத்து மோட்டார் ரூம்ல மாட்டினா சும்மாதானே?"ன்னேன் விளையாட்டா. பெரியப்பா சிரிக்கல. "அந்தக் கரண்டு சும்மா வரலடா"ன்னார்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். கிணத்துக் காட்டுல மோட்டார் ஓடலைன்னா வெள்ளாமை இல்லை. 1970ல் கட்டணத்தை ஏத்தினப்போ, யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி கோவைப் பக்கம் விவசாயிகள் போராடினாங்க. ஜூன் 19 அன்னிக்கு பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் மூணு பேர் செத்தாங்க. 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையையே மறிச்சுது. 1978ல் துப்பாக்கிச்சூடு எங்க வேடசந்தூருக்கே வந்தது. இங்கேயும் விவசாயிகள் உயிர் போச்சு. 1984ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார். 1990ல் கலைஞர் அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கினார்.

விவசாயிகள் உயிர் போன ஊர்ல நின்னுக்கிட்டு நான் 220 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கேன்!

காரை வீட்டு மீட்டர்லதான் மாட்டினேன். கிளம்பும்போது பெரியம்மா கையில 300 ரூபாயைத் திணிச்சேன். அவங்க வாங்கலைங்கிறது வேற கதை.