பருவநிலை மாற்றத்தைத் தாங்குமா ரப்பர் மரம்? தாவர அறிவியல் தேடும் விடை

இன்று நடப்படும் ரப்பர் கன்றில் பால் வெட்டத் தொடங்க ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். அதன்பின் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அது பலன் தரும். ஆகவே, எந்த ரகத்தை நடுவது என்ற ஒரே முடிவு, சிறு விவசாயியின் கால் நூற்றாண்டு வருவாயைத் தீர்மானிக்கிறது. இடையில் பருவநிலை மாறினால், நெல்லைப் போல அடுத்த பருவத்திலேயே ரகத்தை மாற்ற இயலாது.

மரப்பட்டையில் உள்ள பால்குழாய்களின் உள்ளழுத்தமே பாலை வெளியேற்றுகிறது. வறட்சியில் இந்த அழுத்தம் குறைந்து மகசூல் சரிகிறது. தொடர்மழையிலோ பால் வெட்டும் நாள்கள் குறைவதுடன், இலையுதிர்வு நோயும் பரவுகிறது.

மரபியல் வளம் குறுகியிருப்பது மற்றொரு சிக்கல். ஆசியத் தோட்டங்களில் உள்ள மரங்களில் பெரும்பாலானவை, 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்தவை. மேலும், ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுவதால் ஒரு ரகத்தின் மரங்கள் அனைத்தும் மரபியல் அடிப்படையில் ஒன்றுபோலவே உள்ளன. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய், தோட்டம் முழுவதையும் தாக்கக்கூடும். இக்குறையைப் போக்கவே 1981-இல் பன்னாட்டு அறிவியலாளர் குழு பிரேசில் காடுகளில் புதிய விதைகளைச் சேகரித்தது. அதில் ஒரு பங்கு இந்தியாவுக்கும் கிடைத்தது.

கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஐ 105 ரகம், நாட்டின் தோட்டங்களில் நீண்டகாலமாக முன்னிலை வகிக்கிறது. அதனை இலங்கையின் ஆர்ஆர்ஐசி 100 ரகத்துடன் கலப்பு செய்து ஆர்ஆர்ஐஐ 414, 430 ஆகிய ரகங்கள் பெறப்பட்டன.

கேரளம், கன்னியாகுமரிக்கு அப்பால் திரிபுரா, அசாம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலும் ரப்பர் சாகுபடி விரிவடைந்துள்ளது. அங்கு குளிர்காலத்தில் இளங்கன்றுகளின் வளர்ச்சி தடைபடுகிறது. குளிரையும் வறட்சியையும் தாங்கும் நோக்கில், ரப்பர் மரத்தின் சொந்த மரபணு ஒன்றையே கூடுதலாகச் செலுத்தி உருவாக்கிய மரபணு மாற்றக் கன்று, 2021 ஜூனில் குவாஹாட்டி அருகே சருதாரியில் சோதனைக்காக நடப்பட்டது.

புதிய ரகம் ஒன்றை உருவாக்கி, சோதித்து, பரிந்துரைக்க 20 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அதுவரை ஒரே ரகத்தை நம்பாமல் பல ரகங்களை நடுதல், மண் ஈரம் காக்க மூடுபயிர் வளர்த்தல், மழைக்காலத்தில் வெட்டுப்பட்டைக்கு மேலே நெகிழித் தாள் மறைப்பு அமைத்தல் ஆகியவையே விவசாயிகளின் கைவசம் உள்ள பாதுகாப்பு வழிகளாகும்.