பெயர் வெட்டாத நாற்காலிகள்

1998ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது பாத்திரங்களைப் பற்றி எந்தச் சச்சரவும் எழவில்லை. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கம். செம்பு, குடம், தாம்பாளம், அண்டா என்று ஒவ்வொன்றிலும் யாருடைய திருமணத்துக்கு யார் கொடுத்தது, எந்தத் தேதியில் கொடுத்தது என்பது புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அத்தைகள் கூடத்தில் அமர்ந்து எழுத்தைப் படித்தார்கள். அவரவர் பெயருள்ளதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எஞ்சியது தாத்தாவின் சாய்வு நாற்காலி. அதில் யார் பெயரும் இல்லை. பழைய சாமான் வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு வந்தார். உடைந்த கட்டில் சட்டங்களோடு சேர்த்து அதற்கும் ஒரு விலை சொன்னார். ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றியவன் நான்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வெளிநாட்டு ஏலம் ஒன்றின் படத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தேக்குச் சட்டமும் பிரம்புப் பின்னலும் கொண்ட ஒரு சாய்வு நாற்காலியைக் கண்டேன். சண்டிகர் அரசு அலுவலகம் ஒன்றில் கிடந்தது, விலை லட்சங்களில். தாத்தாவின் நாற்காலி அதுவல்ல. ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஒன்று ஏலக்கூடத்துக்கும் மற்றொன்று தள்ளுவண்டிக்கும் போனது எப்படி என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது.

*

நம் வீடுகளுக்கு நாற்காலி தாமதமாக வந்த பொருள். திண்ணை, பாய், மணைப்பலகை, ஊஞ்சல் என்று உட்காருவதற்கு நமக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. நாற்காலி அதிகாரத்தின் ஆசனமாகத்தான் முதலில் ஊருக்குள் வந்தது. இதை நம் இலக்கியத்தில் மிகக் கூர்மையாகப் பதிவு செய்தவர் கி. ராஜநாராயணன். ‘நாற்காலி’ என்ற அவருடைய சிறுகதையில், கரிசல் கிராமத்துக் குடும்பம் ஒன்று ஆசைப்பட்டு நாற்காலி செய்துகொள்கிறது; பிறகு ஊரார் அதை இறந்தவர்களை உட்கார்த்தி வைக்க இரவல் வாங்கிப் போகத் தொடங்குகிறார்கள். இடைசெவலுக்கும் எங்கள் ஊருக்கும் தூரம் அதிகமில்லை. நாற்காலியை ஆசையோடும் அச்சத்தோடும் பார்த்த அந்த மனநிலை எங்கள் ஆச்சிக்கும் இருந்தது. தாத்தா இறந்தபின் அந்தச் சாய்வு நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சாய்வு நாற்காலிக்கு வேறொரு பூர்வீகம் உண்டு. மலைத் தோட்டங்களில் இருந்த வெள்ளைக்காரத் துரைகள் பயன்படுத்திய ‘பிளாண்டர்ஸ் சேர்’ அது. நீண்டு சரிந்த பிரம்பு இருக்கை; இரு கைச்சட்டங்களுக்கு அடியிலும் சுழற்றி முன்னால் நீட்டக்கூடிய ஒரு பலகை. அதன்மேல் கால்களைப் போட்டுக்கொண்டு மாலை முழுவதும் கிடக்கலாம். பிரம்புக் கண்களின் வழியே காற்று முதுகுக்கு வரும். வெயில் நாட்டின் உடலை அறிந்த யாரோ ஒரு தச்சர் கண்ட தீர்வு இது. துரைகள் போனார்கள், நாற்காலி பண்ணையார் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் பின்னர் கணக்கர் வீட்டுக்கும் இறங்கி வந்தது.

இதற்கு உறவான இன்னொரு நாற்காலி உலகம் சுற்றியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராணுவப் பொறியாளர்களின் தலமாக விளங்கிய ரூர்க்கியின் பெயரால் வழங்கிய முகாம் நாற்காலி அது. கடைந்தெடுத்த நான்கு கால்கள். துளைகளில் பசையின்றிச் செருகிய குறுக்குச் சட்டங்கள். இருக்கைக்கும் முதுகுக்கும் கித்தான். ஆள் உட்காரும்போது அவருடைய எடையே மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் ஊன்றி நிற்கும். பிரித்து மூட்டையாகக் கட்டிவிடலாம். இந்த நாற்காலியைப் பார்த்துத்தான் டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933இல் தமது ‘சஃபாரி’ நாற்காலியை வடிவமைத்தார். பாரிஸில் லெ கொர்பூசியே, ஷார்லோத் பெரியான், பியர் ஜான்னரே ஆகிய மூவரும் 1920களின் கடைசியில் உருவாக்கிய, முதுகு முன்பின் சாயும் இரும்புக்குழாய் நாற்காலியிலும் இதன் சாயல் உண்டு என்று வடிவமைப்பு வரலாற்றாளர்கள் கூறுகிறார்கள். அந்த மூவரில் ஜான்னரேயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இந்தியாவுக்கு வரப்போகிறவர்.

*

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த நாற்காலிகளில் இன்று சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவது, அமெரிக்காவின் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1956இல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்த சாய்வு நாற்காலி. அழுத்தி வளைத்த ஒட்டுப்பலகை ஓடுகள், அவற்றில் பொதிந்த தோல் மெத்தைகள், கால் நீட்ட எதிரே தனியாக ஒரு மெத்தைப் பீடம். அந்தப் பீடத்துக்கு உதுமானியப் பேரரசின் பெயரால் ஆட்டமன் என்று பெயர். பிளாண்டர்ஸ் சேர் தன் கைகளுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த கால்பலகையை ஈம்ஸ் தம்பதியர் பிரித்துத் தனிப்பொருளாக வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றும். இது வரலாறு அன்று. நாற்காலிப் பித்துப் பிடித்தவனின் ஊகம்.

வரலாறு அதற்குப் பின் வருகிறது. இந்திய அரசின் அழைப்பில் இங்கே சுற்றிப்பார்த்த ஈம்ஸ் தம்பதியர் 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே அடிப்படை. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களுள் மிக அழகியதாக அவர்கள் அதில் குறிப்பிட்டது ‘லோட்டா’வை, அதாவது நம் செம்பை. அதைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்பது அவர்கள் கண்டது. வடிவமைத்தவர் பெயர் இல்லாத செம்பில், வைத்திருப்பவர் பெயரையாவது நாம் வெட்டி வைத்தோம். நாற்காலிக்கு அதையும் செய்யவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில், புதுச்சேரியில், ஒரு நிகழ்வு உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியை வடிவமைத்த அந்தோனின் ரேமண்ட், கட்டுமானத்தைக் கவனிக்க 1930களின் பிற்பகுதியில் ஜார்ஜ் நகாஷிமா என்ற இளைஞரை அனுப்பினார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான அவர் அரவிந்தரின் சீடராகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அந்த விடுதிக்கான தேக்கு மரச்சாமான்களை வடிவமைத்தவரும் அவரே. பின்னாளில் அமெரிக்காவில் மரவேலையின் மாபெரும் ஆசானாக அறியப்பட்ட ஒருவர் தம் தொடக்கக்கால மரச்சாமான்களை நம் கடற்கரை ஊரில் செய்தார். 1964இல் மறுபடி இந்தியா வந்து அகமதாபாத் நிறுவனத்துக்காகவும் வடிவமைத்தார்.

*

இனி சண்டிகர். 1951இல் லெ கொர்பூசியேயுடன் அங்கு வந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜான்னரே. மற்றவர் வந்து வந்து போக, இவர் 1965 வரை அங்கேயே தங்கினார். புதிய நகரின் செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் தேவைப்பட்டன. இறக்குமதிக்குப் பணமில்லை. உள்ளூர்த் தேக்கும் சீசமும் பிரம்பும் தச்சர்களும் இருந்தார்கள். தலைகீழ் ‘வி’ போன்ற கால்களும் பிரம்பு முதுகும் கொண்ட அந்த வடிவம் இப்படிப் பிறந்தது. இந்தியக் கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரியும் இப்பணியில் உடன் உழைத்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்த ஜான்னரேயின் அஸ்தி, அவர் விருப்பப்படி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற நாற்காலிகளின் கதை அவ்வளவு மரியாதையாக முடியவில்லை. பிரம்பு அறுந்தவை மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. 1990களின் இறுதியிலிருந்து அரசு அலுவலகங்கள் அவற்றைக் கழிவுப் பொருளாக ஏலம் விட்டன. பிரெஞ்சு வணிகர்கள் சொற்ப விலைக்கு எடுத்துப் பழுது பார்த்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையே காக்கும். ஐம்பது வயது நாற்காலிக்கு அங்கே இடமில்லை. 2011இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பொருள்களை விற்கத் தடை விதித்தது. எமி சீகல் என்ற கலைஞர் 2013இல் ‘புராவனன்ஸ்’ என்றொரு படம் எடுத்தார். செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, ஏலக்கூடம், பட்டறை, கப்பல் என்று பின்னோக்கி நடந்து சண்டிகர் அலுவலகத்தில் முடியும் படம். பிறகு அந்தப் படத்தையே ஏலத்தில் விட்டார்.

இதில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு விவரம். இந்த நாற்காலிகளில் ஜான்னரேயின் கையொப்பம் கிடையாது. இருப்புக் கணக்குக்காக அலுவலகத்தார் சாயத்தால் எழுதிவைத்த துறைப்பெயரும் எண்ணும்தான் உண்டு. போலிகள் பெருகிய சந்தையில் அந்த எழுத்துகளே இன்று முக்கியச் சான்று. ஓர் எழுத்தர் சலிப்போடு எழுதிய எண், பொருளுக்குப் பிறப்புச் சான்றிதழாகிவிட்டது. அப்போதும் அதைச் செய்த தச்சர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்களே.

*

ராஜபாளையத்துக்கு வருவோம். 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை இவ்விரு ஊர்களின் வழியே திறந்தது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. பஞ்சும் நூலும் கொண்டுவந்த பணத்தில் அடுத்த கால் நூற்றாண்டில் வீடுகள் எழுந்தன. வீடுகளுக்குள் நாற்காலிகள் வந்தன. தாத்தா அப்படியோர் ஆலையில் கணக்கராக இருந்தவர். அவருடைய நாற்காலியைச் ‘செங்கோட்டை மரம்’ என்றே ஆச்சி சொல்வார். மலையாளத் தேக்கு கணவாயைக் கடந்து வந்த வழி அந்தச் சொல்லில் இருக்கிறது. சண்டிகரில் ஜான்னரே வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் எந்த வரைபடமும் இல்லாமல், தாத்தாவின் முதுகை முழக்கோலால் அளந்து அந்தச் சாய்மானத்தை முடிவு செய்திருக்கிறார்.

பிறகு பிரம்பு அறுந்தது. பிரம்பு பின்னுகிறவர்கள் வருவது நின்றது. 1970களில் பிளாஸ்டிக் ஒயர் பின்னினார்கள். 1990களில் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி வந்து எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றியது. பரணிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து எங்கே போயிற்றோ. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அதைப் போன்றவற்றைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் வீட்டுச் சாமான் என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை.

பெயர் இல்லாவிட்டாலும் நாற்காலியைக் கொஞ்சம் படிக்கலாம். அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். சட்டத்தில் துளையிட்டு ஒவ்வோர் இழையாகக் கோத்த பிரம்பு கைவேலை. காடியில் பதித்து மேலே குச்சி அடித்தது ஆலையில் நெய்த பிரம்பு விரிப்பு. இழைப்புளி ஓடிய மெல்லிய அலைகள் விரலுக்குத் தட்டுப்படும். கழுந்தும் துளையும் கூடும் மூட்டில் இரும்பாணி இருந்தால் பெரும்பாலும் பின்னாளைய பழுதுவேலை. ஈட்டி மரமானால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மர இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஈம்ஸ் நாற்காலியின் பழைய பிரேசில் ஈட்டிக்கு 1992லேயே தடை வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பளபளப்புக்காகச் சுரண்டி மறுபூச்சுப் போடாதீர்கள். கைச்சட்டத்தின் கருமை, முப்பது ஆண்டுகள் அங்கே கிடந்த ஒரு கையின் எழுத்து.

சென்ற ஆண்டு ராஜபாளையத்தில் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தாவின் நாற்காலிக்கு ஒரு ஜோடி இருந்தது என்றும், அது அங்கே மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் கிடக்கிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். பிரம்பு முழுதும் போய்ச் சட்டம் மட்டும் நின்றது. ஒரு கால்பலகையைக் காணோம். “இதைச் செஞ்சது யாரு அத்தை?” என்று கேட்டேன். எண்பது வயதைத் தாண்டியவர் சற்று யோசித்தார். ஆசாரியின் பெயரையும் அவருடைய தெருவையும், தாத்தாவிடம் அவர் கூலியாக நெல்லும் பணமுமாக வாங்கிக்கொண்டதையும் சொன்னார். “இத்தனை நாளா யாருமே கேக்கலையேப்பா” என்றார்.

பாத்திரக் கடைத் தெருவில் பெயர் வெட்டுபவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். ஒரு சிறிய பித்தளைத் தகடு வாங்கி அவரிடம் கொடுத்தேன். தாத்தாவின் பெயர் முதலிலா ஆசாரியின் பெயர் முதலிலா என்று கேட்டார். ஆசாரியின் பெயரை முதலில் வெட்டச் சொன்னேன்.