தாய்வழிக் கிருமியும் கொள்ளேகால் பட்டும்

சாமராஜநகர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தின் மல்பெரிப் பட்டு வளர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் நடந்தது. தமிழகப் பட்டு வரலாற்றை அவ்வட்டத்தை விடுத்து எழுத இயலாது.

திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் நாட்டில் வேரூன்றிய இத்தொழிலை 19ஆம் நூற்றாண்டில் நோய் உலுக்கியது. ஐரோப்பாவிலும் பெப்ரின் நோயால் பட்டுப்புழுக்கள் மடிந்துகொண்டிருந்தன. 1865இல் ஆய்வைத் தொடங்கிய பாஸ்டர், கிருமி தாய்ப்பூச்சியின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்வதை நிறுவினார். முட்டையிட்ட தாயை நசுக்கி நுண்நோக்கியில் பார்க்க வேண்டும்; கிருமி தென்பட்டால் முட்டைகளை அழிக்க வேண்டும். இன்றும் வித்தகங்களில் நடப்பது இதுவே. சோதனைக்கு உள்ளாவது தாய் மட்டுமே.

இதே தாய்வழியில் பயணிக்கும் வேறொரு கிருமி வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா. ஆண் உடலில் சிக்கினால் அதற்கு எதிர்காலம் இல்லை. ஆதலால் சில பூச்சிகளில் ஆண் மகவுகளை முட்டையிலோ இளம் புழுப் பருவத்திலோ கொன்றுவிடுகிறது; இறந்த ஆண்களுக்குரிய உணவு கிருமியைச் சுமக்கும் சகோதரிகளுக்கு மிஞ்சுகிறது. கொடூரமான கணக்குதான், ஆனால் பிழையற்றது.

கொல்லும் முறையை விளக்கப் பட்டுப்புழுவே உதவியது. அதன் ஆண் தன்மையை நிலைநாட்டும் மாஸ்க் என்னும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தனர். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒன்று; ஆணில் அவற்றின் மிகைச் செயல்பாட்டை அடக்குவதும் மாஸ்க்கின் பணியே. சோளத்தண்டைத் துளைக்கும் ஆஸ்ட்ரினியா பூச்சியின் வோல்பாக்கியாவிலிருந்து ஆஸ்கார் என்ற புரதம் 2022இல் பிரித்தறியப்பட்டது. அது மாஸ்க்கை முடக்குகிறது. அதை உருவாக்கும் ஆர்என்ஏவைப் பட்டுப்புழுக் கருவில் செலுத்தியபோது ஆண்கள் மட்டுமே மடிந்தன.

பட்டுத் தொழில் நாடியதோ இதற்கு நேர்மாறானது. ஆண் கூட்டில் பட்டின் விகிதம் அதிகம். சோவியத் மரபியலாளர் ஸ்ட்ருன்னிகோவ், பெண் கருக்கள் முட்டையிலேயே இறக்கும் கலப்பினங்களை உருவாக்கினார். கூட்டை எடைக்கு விற்கும் விவசாயிக்கு மட்டும் இதில் ஒரு சங்கடம் உண்டு: முட்டை சுமக்கும் பெண் கூடே கனமானது.